வாசலில் ஸலாம் சொல்லாத விருந்தாளி

 

நம் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாசலில் நிற்கவில்லை. ஸலாம் சொல்லவில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள், எந்தக் கோலத்தில் இருக்கிறார்கள் என்று கேட்கவுமில்லை. நேரே குசினி வரைக்கும் வந்துவிடுகிறார். அடுப்பில் என்ன இருக்கிறது, அடுப்படியில் இருப்பவளின் கண் ஏன் சிவந்திருக்கிறது என்றெல்லாம் பார்த்துக்கொள்கிறார். பிறகு வெளியே போய், கண்டதையெல்லாம் ஊருக்கும் உலகத்துக்கும் சொல்லிவிடுகிறார். இப்படியொரு விருந்தாளியை இரண்டாம் தடவை உள்ளே விடுவீர்களா? விடமாட்டீர்கள். ஆனால் அவர் கையில் ஒரு கமெராவும், வாயில் "உங்களை உலகமே பார்க்கப் போகிறது" என்ற வார்த்தையும் இருந்தால்? அப்போது நம்மில் பலர் கதவை அகலத் திறந்துவிடுகிறோம்.

தொலைக்காட்சியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது, பிள்ளைகள் எத்தனை மணி நேரம் அதன் முன்னால் இருக்கலாம் என்று மேடைகளிலும் பத்திரிகைகளிலும் சொல்லப்பட்டுவிட்டது. இதெல்லாம் நாம் தொலைக்காட்சியைப் பார்ப்பது பற்றிய பேச்சு. தொலைக்காட்சி நம்மைப் பார்க்க வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இம்மாதம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். கையடக்கத் தொலைபேசியிலேயே ஒரு தொலைக்காட்சி நிலையம் அடங்கிவிட்ட இந்தக் காலத்தில் அந்த விருந்தாளி எந்த வீட்டு வாசலுக்கும் வரலாம்.

கல்முனையில் கிடைத்த குழந்தை

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலைப் பொழுதை நம் பகுதியில் மறந்தவர்கள் யார்? வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நம் ஊர்களை அன்று கடல் வந்து அள்ளிக்கொண்டு போனது. அந்த அழிவுக்குள் கல்முனைப் பகுதியில் இடிபாடுகளுக்கிடையே இரண்டு மாதக் கைக்குழந்தை ஒன்று உயிரோடு கிடைத்தது. கல்முனை ஆஸ்பத்திரியில் அன்று சேர்க்கப்பட்டவர்களில் அது 81ஆவது ஆள். பெயர் தெரியாத குழந்தைக்கு அந்த இலக்கமே பெயரானது: பேபி 81.

உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் அப்போது நம் கரையோரத்தில்தான் இருந்தன. "ஒரு குழந்தை, ஒன்பது தாய்மார்" என்று செய்தி பறந்தது. சுலைமான் நபி (அலை) அவர்களின் தீர்ப்பைப் போல ஒரு கதை என்று உலகம் உருகியது. ஆனால் நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரியது ஒரேயொரு தம்பதிதான் என்பது பிறகு தெரியவந்தது. ஒன்பது என்ற எண்ணிக்கை, வாய்க்கு வாய் மாறி ஊதிப் பெருத்த ஒன்று.

அந்த ஊதலின் பாரம் யார் தலையில் விழுந்தது? பெற்றவர்களின் தலையில். குழந்தை அவர்களுடையதா என்று அறிய மரபணுப் பரிசோதனை செய்யும்படி உத்தரவானது. பிள்ளையைக் கண்ணால் கண்டும் கையில் வாங்க முடியாத அந்தத் தாயும் தகப்பனும் பொறுக்க மாட்டாமல் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து பிள்ளையைத் தூக்கப் பார்த்தார்கள். பொலிஸார் அவர்களைக் கைது செய்தார்கள். பிறகு பிணையில் வந்தார்கள். 2005 பெப்ரவரி 14ஆம் திகதி, குழந்தை அவர்களுடையதுதான் என்று பரிசோதனை முடிவு நீதிமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்துப் பிள்ளை தாயின் கைக்கு வந்தது.

இத்தோடு கமெராக்கள் திரும்பிப் போயிருந்தால் அது எவ்வளவு அழகான முடிவு! அப்படி நடக்கவில்லை. அடுத்த மாதமே அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று குடும்பத்தை நியூயோர்க்குக்கு அழைத்துப் போய்த் தன் காலை நிகழ்ச்சியில் உட்கார வைத்தது. வீடு வாசல் இழந்து நின்ற ஒரு குடும்பம், விமானத்தில் போய், விளக்குகளின் நடுவே சில நிமிடங்கள் இருந்துவிட்டு ஊர் திரும்பியது.

திரும்பி வந்தபோது அவர்களின் கை வெறுமையாகவே இருந்தது. ஆனால் ஊர் அதை நம்பவில்லை. "அமெரிக்காவுக்குப் போனவர்கள், டொலர் கொட்டியிருக்கும்" என்ற பேச்சு பரவியது. நிவாரணம் கிடைக்க வேண்டிய இடங்களில், "உங்களுக்கு எதற்கு இது?" என்ற கேள்விதான் கிடைத்தது. கடைசியில் அந்தக் குடும்பம் இருந்த ஊரையே விட்டு வேறு ஊருக்குப் போய்க் குடியிருக்க வேண்டியதாயிற்று.

பிள்ளை வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் "சுனாமி பேபி" என்று கேலி செய்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதம் வந்தால் பத்திரிகைக்காரர்களும் கமெராக்காரர்களும் வீட்டைத் தேடி வருவார்கள். அவன் அவர்கள் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்வான். 2024ஆம் ஆண்டு, சுனாமியின் இருபதாவது வருட நினைவின்போது, அவர் உயர்தரப் படிப்பில் இருந்த இருபது வயது வாலிபர். அந்தப் பெயரோடு ஒருவாறு சமாதானமாகிவிட்டார் என்று அறிகிறோம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தச் சமாதானத்துக்கு ஒரு சிறுவனின் முழுப் பால்யமும் விலையாகப் போயிருக்கிறதே!

அந்தக் குடும்பத்தின் பெயரையோ இருக்கும் ஊரையோ நான் இங்கே எழுதவில்லை. தேடினால் கிடைக்கும்தான். கிடைக்கிறது என்பதற்காக எடுத்துப் போட வேண்டுமா என்ன?

சகோதரிகளே, இந்தச் சம்பவத்தில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, கமெரா வைத்திருப்பவர்களுக்கு. மற்றது நமக்கு. "பணம் வந்திருக்கும்" என்று பேசியவர்கள் நியூயோர்க்கில் இருந்தவர்கள் அல்லர். வேலிக்கு அடுத்த பக்கம் இருந்தவர்கள். ஒரு வீட்டுக்குள் தொலைக்காட்சி நுழைந்தால், அதன் பின்னால் ஊரின் சந்தேகமும் நுழைந்துவிடுகிறது. சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகிக்கொள்ளுங்கள், பிறர் குறையைத் துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்பிப்பது இந்த அடுத்த வீட்டுப் பேச்சையும் சேர்த்துத்தான்.

ஐந்து பெண் பிள்ளைகளைப் பெற்ற விவசாயி

"சுனாமி என்பது எப்போதாவது வரும் பேரழிவு. சாதாரணமாக வெள்ளாமை செய்து பிழைக்கும் குடும்பத்துக்கு இப்படியெல்லாம் வருமா?" என்று நீங்கள் கேட்கலாம். வந்திருக்கிறது. அதுவும் தொலைக்காட்சி வீடுகளுக்கு வருவதற்கு முன்பே, பத்திரிகையும் சினிமாவும் இருந்த காலத்திலேயே வந்திருக்கிறது.

1934 மே 28ஆம் திகதி, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு கிராமத்தில், டியோன் என்ற ஏழை விவசாயியின் வீட்டில் ஒரே பிரசவத்தில் ஐந்து பெண் குழந்தைகள் பிறந்தன. ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள் இருந்த வீடு அது. குறைமாதத்தில் பிறந்த ஐந்தும் பிழைத்துக்கொண்டன. ஒரே சூலில் பிறந்த ஐந்து குழந்தைகளும் இப்படித் தப்பி வளர்ந்ததாக உலகம் அதற்கு முன் அறிந்ததில்லை.

சில நாட்களுக்குள்ளேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். சிகாகோ நகரக் கண்காட்சியில் குழந்தைகளைக் காட்டினால் பணம் தருவதாகச் சொன்னார்கள். பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய தகப்பன் கையெழுத்துப் போட்டார். பிறகு அது கூடாதென்று விலகவும் பார்த்தார். அப்போது, "சுரண்டலிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாக்கிறோம்" என்று சொல்லி மாகாண அரசு குழந்தைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பாதுகாத்த விதத்தைக் கேளுங்கள். பெற்றோரின் வீட்டுக்கு எதிரே, பாதைக்கு அப்பால், பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கட்டடம் எழுப்பப்பட்டது. அவர்கள் விளையாடுவதைச் சனங்கள் மறைவாக நின்று பார்த்துச் செல்லத் தாழ்வாரம் கட்டப்பட்டது. 1943 வரை சுமார் 30 இலட்சம் பேர் வந்து பார்த்துப் போனார்கள். சவர்க்காரம், ஓட்ஸ் மா என்று எத்தனையோ பொருட்களின் விளம்பரங்களில் அந்த ஐந்து முகங்களும் அச்சாயின. சினிமாப் படங்களிலும் காட்டினார்கள்.

பெற்ற தாய் பாதைக்கு இந்தப் பக்கம். பிள்ளைகள் அந்தப் பக்கம். அந்தத் தகப்பனோ, தன் பிள்ளைகளைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு ஞாபகப் பொருட்கள் விற்க ஒரு கடை போட்டிருந்தார். புகழ் வந்தபிறகு உழுது விதைத்துப் பிழைத்த மனிதருக்குக் கடைசியில் தன் பிள்ளைகளின் பெயரே வியாபாரமாகிவிட்டது.

1943இல், ஒன்பது வயதில், பிள்ளைகள் பெற்றோரிடம் திரும்பி வந்தார்கள். ஆனால் அது திரும்பி வந்த வீடாக இருக்கவில்லை. புதிதாக வந்த வீடாகத்தான் இருந்தது. கூடப் பிறந்தவர்களே அந்நியர். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் விழுந்த அந்த விரிசல் பிறகு மூடவேயில்லை என்பதை அவர்களே வளர்ந்தபின் உலகுக்குச் சொன்னார்கள். 1998இல் ஒன்டாரியோ அரசு அப்போது உயிரோடிருந்த மூன்று சகோதரிகளுக்கு 40 இலட்சம் கனேடிய டொலர் நட்டஈடு கொடுத்தது. ஐவரில் இருவர் அதைக் காண இருக்கவில்லை.

இவர்களைப் பற்றி எனக்கு மிகவும் மனதில் நிற்பது இன்னொரு விஷயம். 1997இல் அமெரிக்காவில் ஒரு தம்பதிக்கு ஒரே பிரசவத்தில் ஏழு குழந்தைகள் பிறந்தன. உலகத் தொலைக்காட்சிகள் அந்த வீட்டு வாசலில் குவிந்தன. அப்போது இந்த மூன்று சகோதரிகளும் அந்தப் பெற்றோருக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார்கள். உங்கள் பிள்ளைகளைக் காட்சிப் பொருளாக்க விட்டுவிடாதீர்கள், எங்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேர வேண்டாம் என்பதே அதன் சாரம். அறுபது வருடத்துக்கு மேலாக ஆறாத காயத்திலிருந்து வந்த புத்திமதி அது.

ஆட்டுப் பண்ணையும் இரண்டு பசுக்களும்

"அது அந்தக் காலம், அரசாங்கம் பலவந்தமாகப் பிரித்தது. விரும்பிப் போகிறவர்களுக்கு என்ன கெடுதி?" என்றும் கேட்கலாம். விரும்பிப் போன இரண்டு பேரைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் யோர்க்‌ஷயர் மலைப்பகுதியில் ரேவன்சீட் என்ற ஆட்டுப் பண்ணை இருக்கிறது. அமண்டா ஓவன், கிளைவ் ஓவன் என்ற தம்பதி தம் ஒன்பது பிள்ளைகளோடு அங்கே வாழ்ந்தார்கள். 2018ஆம் ஆண்டிலிருந்து அவர்களின் அன்றாட வாழ்க்கை ஒரு தொலைக்காட்சித் தொடராக வந்தது. பனியில் ஆடு மேய்ப்பது, குட்டி ஈன்றால் பார்ப்பது, பிள்ளைகள் வேலையில் கைகொடுப்பது என்று உழைக்கும் குடும்பத்தின் அழகான காட்சிகள். பெரும் கூட்டம் விரும்பிப் பார்த்தது. 2022 ஜூன் மாதம் அந்தத் தம்பதி தாம் பிரிவதாக அறிவித்தார்கள்.

தொலைக்காட்சிதான் பிரித்தது என்று நாம் சொல்லக்கூடாது. புருஷன் பெண்சாதிக்கு இடையில் நடந்ததை அல்லாஹ்வே அறிவான். நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்தியதை. உலகத்தில் தினமும் எத்தனையோ குடும்பங்கள் இந்தச் சோதனையை நான்கு சுவர்களுக்குள் அழுது கடக்கின்றன. இவர்களால் அப்படிக் கடக்க முடியவில்லை. ஏன் பிரிந்தார்கள், யார் மேல் பிழை, யார் எங்கே இருக்கிறார் என்று பத்திரிகைகள் தொடர்ந்து எழுதின. சிரித்ததை நமக்குக் காட்டியவர்கள், அழுவதையும் காட்டத்தானே வேண்டும் என்று பார்த்த சனங்கள் நினைத்துவிடுகிறார்கள். ஒருமுறை திறந்த கதவை நினைத்த நேரத்தில் சாத்த முடியவில்லை.

இரண்டாமவர் இந்தியாவின் பீகார் மாநிலத்தைச் சேர்ந்த சுஷில் குமார். மாதம் ஆறாயிரம் ரூபா சம்பளத்தில் கிராம வேலைத்திட்டம் ஒன்றில் கணினி இயக்குபவராக இருந்தவர். 2011இல் தொலைக்காட்சிக் கேள்வி-பதில் போட்டியில் ஐந்து கோடி ரூபா வென்றார். 2020இல் தன் அனுபவத்தை அவரே எழுதினார். போட்டியில் வென்ற பிறகுதான் தன் வாழ்வின் மோசமான காலம் தொடங்கியது என்பது அதன் சாரம். கூட்டம், விழா என்று மாதத்தில் பாதி நாள் ஓடியிருக்கிறார். பத்திரிகைக்காரர்கள் "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் சொல்ல ஏதாவது வேண்டுமே என்பதற்காகவே தெரியாத தொழில்களில் பணத்தைப் போட்டு இழந்திருக்கிறார். நன்கொடை என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, பலரிடம் ஏமாந்திருக்கிறார். மனைவி, ஏமாற்றுக்காரர் யார், நல்லவர் யார் என்று உங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லிப் பார்த்தார். அதனால் இருவருக்கும் இடையில் சண்டை முற்றியது. சிகரெட்டும் குடியும் பழக்கமாயின.

ஒருநாள் ஒரு பத்திரிகைக்காரர் தொலைபேசியில் துருவித் துருவிக் கேட்க, எரிச்சலில், "பணமெல்லாம் முடிந்துவிட்டது, இரண்டு பசு வைத்துப் பால் விற்றுப் பிழைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பொய்யான பேச்சு நாடெங்கும் செய்தியாகப் பரவியது. அவ்வளவுதான், அதுவரை சுற்றியிருந்த கூட்டம் கலைந்துவிட்டது, அழைப்புகள் நின்றன, அதற்குப் பிறகுதான் தனக்கு யோசிக்க அவகாசம் கிடைத்தது என்கிறார் அவர். பின்னாளில் ஆசிரியரானார். ஊரில் மரம் நடும் வேலையில் மனதைச் செலுத்தி நிம்மதி கண்டார். பசுவும் பாலும் நம் வீடுகளில் கேவலமல்ல, பரக்கத்து. ஆனால் புகழின் தராசில் அது எவ்வளவு இளக்காரம் பாருங்கள்!

அனுமதி எதற்காக?

ஸூரத்துந் நூர் அத்தியாயம் குடும்பப் பெண்கள் அனைவரும் படித்து விளங்க வேண்டிய அத்தியாயம். பிறர் வீடுகளில் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழையும்படி அது கட்டளையிடுகிறது. "திரும்பிப் போங்கள்" என்று சொல்லப்பட்டால் மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும், அதுவே பரிசுத்தமானது என்கிறது. இன்னும் மேலே போய், ஸுபுஹுக்கு முன்பும், நண்பகல் ஓய்வு நேரத்திலும், இஷாவுக்குப் பின்பும் சொந்த வீட்டுச் சிறுபிள்ளைகள்கூட அனுமதி கேட்டுத்தான் பெற்றோரின் அறைக்குள் வர வேண்டும் என்கிறது. பெற்ற பிள்ளைக்கே எல்லை வைத்த மார்க்கம் இது.

அனுமதி கேட்பது கால் உள்ளே வருவதற்காக மட்டுமா? இல்லை. ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்குள் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தபோது, அனுமதி என்ற சட்டமே பார்வையின் காரணமாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்தை நபியவர்கள் கடுமையாக எடுத்துச் சொன்னார்கள். புஹாரி, முஸ்லிம் கிரந்தங்களில் இந்தச் செய்தி வருகிறது. இதை நாங்கள் மத்ரஸாவில் பல வருடமாக ஓதிக்கொடுத்து வருகிறோம். அந்தக் காலத்தில் துவாரம் வழியாக வந்தது ஒரு கண். இன்று கமெராவின் துவாரம் வழியாக வருவது எத்தனை இலட்சம் கண்கள்! ஒரு கண்ணுக்கே அனுமதி வேண்டுமென்றால் இத்தனை கண்களுக்கு எத்தனை தடவை யோசித்து அனுமதி கொடுக்க வேண்டும்?

அரிசி மூட்டையோடு வரும் கமெரா

இனி நம் ஊருக்கு வருவோம். நம் வாவிக்கரைக் குடும்பங்களில் பெரும்பாலானவை வட்டையையும் வாவியையும் நம்பியவை. மழை பொய்த்தாலும் கஷ்டம், மிஞ்சினாலும் கஷ்டம். 2011 ஜனவரி வெள்ளத்தில் அறுவடைக்கு நின்ற வேளாண்மை நம் கண் முன்னாலேயே அழிந்ததை மறப்போமா? 2024 நவம்பர் வெள்ளமும் நம் பகுதியில் உயிர்களைக் கொண்டுபோனது. வெள்ளம் வந்தால் கமெராவும் வருகிறது. செய்தி போக வேண்டியதுதான். செய்தி போனால்தான் உதவி வரும். ஆனால் நனைந்த உடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பெண்ணைப் படமெடுக்கும் முன், ஒரு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொள்ள அவளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தால் செய்தி குறைந்தா போய்விடும்?

இதைவிடப் பெரிதாக இன்னொன்று அண்மைக்காலத்தில் வளர்ந்திருக்கிறது. வெளிநாட்டிலுள்ளவர்கள் அனுப்பும் பணத்தில் அரிசி, மா, பருப்பு வாங்கிக்கொண்டு சிலர் கமெராவோடு ஏழை வீடுகளுக்கு வருகிறார்கள். கணவர் எங்கே, ஏன் விட்டுவிட்டுப் போனார், கடன் எவ்வளவு, இரவில் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். அந்தப் பெண் அழ வேண்டும். அழுதால்தான் அந்தப் படத்தை நிறையப் பேர் பார்ப்பார்கள்.

ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "மௌலவி, சாமான எடுக்காட்டி புள்ளைகள் பட்டினி. எடுத்தா என்ட மகள்ட முகம் ஊரெல்லாம் போகுது. நாளைக்கு அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பேசக்குள்ள இதயும் பேசுவாங்கதானே? நான் என்ன செய்யிற?"

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். உதவியை வாங்குவது வெட்கமல்ல. தேவையுள்ளவரின் உரிமை அது. ஆனால் முகத்தைக் கொடுப்பது அதற்கு விலை அல்ல. "படம் எடுக்க வேண்டாம் தம்பி" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கணக்குக் காட்ட வேண்டும் என்று அவர்கள் சொன்னால், வாங்கிய சாமானின் பற்றுச்சீட்டைக் காட்டட்டும், மூட்டைகளைப் படமெடுக்கட்டும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களிடமோ ஊர் ஸகாத் நிதியத்திடமோ ஒப்படைத்து ஒப்பம் வாங்கட்டும். கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனதை நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று அல்லாஹ் ஸூரத்துல் பகராவில் எச்சரிக்கிறான். வலது கை கொடுப்பதை இடது கை அறியாதபடி கொடுத்தவருக்கு மறுமையில் அர்ஷின் நிழல் இருக்கிறது. இலட்சம் பேர் அறியக் கொடுத்தவர் தன் எண்ணத்தைத் தானே சோதித்துக்கொள்ளட்டும்.

வயலுக்கும் வரம்பு, வீட்டுக்கும் வரம்பு

அப்படியானால் விவசாயக் குடும்பம் உலகத்தின் கண்ணில் படவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்து வாலிபர்கள் சிலர், தம் வயதான பாட்டனாரையும் சேர்த்துக்கொண்டு, 2018இல் சமையல் படங்களை எடுத்து யூடியூபில் போடத் தொடங்கினார்கள். 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்று அதற்குப் பெயர். 2021இல் அதைப் பின்தொடர்ந்தவர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். அந்தப் படங்களில் நீங்கள் காண்பது என்ன? வயல்வெளி, பெரிய அண்டா, அம்மியில் அரைக்கும் வாலிபர்கள், முதியோருக்கும் ஏழைகளுக்கும் பரிமாறும் சாப்பாடு. வீட்டுப் பெண்களின் கண்ணீரோ படுக்கையறைச் சண்டையோ அங்கே இல்லை. தம் தொழிலைக் காட்டினார்கள். வீட்டைக் காட்டவில்லை.

வயலுக்கு வரம்பு இருப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது. வரம்பு உடைந்தால் பக்கத்து வயலுக்கும் சேதம். வீட்டுக்கும் அப்படியொரு வரம்பு உண்டு. உங்கள் கணவர் நல்ல விளைச்சல் எடுத்ததையும், நீங்கள் பன் பாய் பின்னுவதையும், மகன் போட்டியில் கிராஅத் ஓதிப் பரிசு எடுத்ததையும் நாலு பேர் அறிந்தால் நல்லதுதான். அது வரம்புக்கு வெளியே உள்ள சங்கதி. குடும்பத்தின் கடன், நோய், மனத்தாங்கல், மகளின் வயது, மருமகனின் கோபம் இவையெல்லாம் வரம்புக்கு உள்ளே உள்ளவை. அவை அமானிதம்.

அந்த வரம்பைக் காக்கும் பொறுப்பு நம் பகுதியில் யாருக்கு அதிகம்? பெண்களுக்கே. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை என்று நம் கிழக்கில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில்தான் எழுதப்படுகிறது. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருக்கிறார். சீதன முறையைப் பற்றி வேறு கேள்விகள் இருக்கின்றன. அவற்றை வேறொரு சந்தர்ப்பத்தில் பேசலாம். ஆனால் வீடு உங்களுடையது என்றால், வாசலில் நிற்கும் கமெராவுக்கு "வரலாம்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லும் உரிமையும் உங்களுடையதுதானே? ஆண்கள் வயல் வாடியில் இருக்கும் நேரத்தில் யாராவது வந்து நின்றால், "அவர் வரட்டும், பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்ற ஒரு வார்த்தை போதும். நல்ல எண்ணத்தோடு வந்தவர் திரும்பி வருவார்.

யாராவது உங்கள் குடும்பத்தைப் படமெடுக்கக் கேட்டால், ஆம் என்று சொல்லும் முன் இந்த ஐந்தையும் வீட்டில் கூடியிருந்து யோசியுங்கள்:

1. இதில் காட்டப்படுவது எங்கள் தொழிலா, திறமையா, அல்லது எங்கள் கஷ்டமா?

2. வீட்டிலுள்ள எல்லோரும், மூத்தவர்களும் மருமக்களும் உட்பட, மனமொத்துச் சம்மதிக்கிறார்களா?

3. சம்மதம் சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைகள் பத்து வருடம் கழித்து இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்களா, தலை குனிவார்களா?

4. எடுத்த படத்தை ஒளிபரப்ப முன் நாங்கள் பார்க்க முடியுமா? ஒரு பகுதியை நீக்கச் சொன்னால் நீக்குவார்களா?

5. நாளைக்கு எங்கள் வீட்டில் ஒரு துக்கம் நடந்தால், இதே ஆட்கள் வாசலுக்கு வரும்போது "இன்று வேண்டாம்" என்று சொல்ல முடியுமா?

ஐந்தாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால், முதலாவது நாளிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

பார்க்கிறவர்களாகிய நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. பார்க்க ஆள் இருப்பதால்தான் படம் எடுக்கிறார்கள். அழும் ஏழைப் பெண்ணின் படம் உங்கள் தொலைபேசிக்கு வந்தால், அதை இன்னொருவருக்கு அனுப்பாமல் உங்களிடமே நிறுத்திக்கொள்ளுங்கள். உதவ முடிந்தால் உதவுங்கள். முடியாவிட்டால் துஆச் செய்யுங்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைத்தவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. விரலை அழுத்தாமல் விட்டுவிடும் அந்த ஒரு நொடியில்கூட அந்த நன்மையை நீங்கள் சம்பாதித்துக்கொள்ளலாம்.

அல்லாஹ் நம் வீடுகளை நிம்மதி தங்கும் இடங்களாக ஆக்குவானாக! நம் குறைகளை மறைத்து, நம் வயல்களிலும் வாவியிலும் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன்.